பேரனின் கல்லறைத் தோட்டமும் ஒரு பழைய கேள்வியும்

மூன்று மாதமாக ஆளைக் காணோமே என்று சிலர் கேட்டிருந்தீர்கள். இங்கிலாந்தில், நாட்டிங்ஹாமில் மகன் வீட்டில் இருந்தேன். அங்கே நான் பார்த்த வேலை என்ன தெரியுமா? கல்லறைக்குப் பெயிண்ட் அடித்தது! சிரிக்காமல் கடைசிவரை படியுங்கள். உங்களில் ஒருவருக்கு நான் பாக்கி வைத்த பதில் கடைசியில் இருக்கிறது.

பேரனுக்குப் பன்னிரண்டு வயது. பொம்மைப் படைகளை மேஜையில் நிறுத்தி ஆடும் வார்ஹாமர் என்ற விளையாட்டில் அவனுக்குப் பைத்தியம். அதைத் தயாரிக்கும் கேம்ஸ் ஒர்க்‌ஷாப் நிறுவனத்தின் தலைமையகமும் நாட்டிங்ஹாமில்தான். வீரன் ஒருவன் நம் கட்டைவிரல் பாதி உயரம்தான் இருப்பான். வீரர்கள் மட்டும் போதாது, அவர்கள் சண்டை போட ஓர் இடமும் வேண்டுமே. அதற்குத்தான் கல்லறைத் தோட்டம். கூர்முனை வளைவுகள், ஈட்டி முனை வைத்த இரும்பு வேலி, மண்டையோடு செதுக்கிய தூண்கள், எல்லாம் கோதிக் பாணி. பெட்டியில் வெறும் சாம்பல் நிற பிளாஸ்டிக்காக வரும். ஒட்டி, பெயிண்ட் அடித்து, நூறு வருஷம் மழையில் நின்ற கல் மாதிரி ஆக்குவது நம் பொறுப்பு.

"விளக்கு வைக்கிற நேரத்துல சாப்பாட்டு மேஜையில கல்லறையா? எடுங்க முதல்ல!" என்று வீட்டுக்காரம்மா எங்கள் இருவரையும் கராஜுக்கு விரட்டிவிட்டாள்.

முதல் நாளே சொதப்பினேன். அடிப்பூச்சுக்கான கறுப்பு ஸ்பிரேயை நவம்பர் மாத ஈரக் காற்றில் வெளியே வைத்து அடித்தேன். பூச்சு வழவழப்பாக இல்லாமல் மணல் ஒட்டியது போல் பொரிந்துவிட்டது. "பரவால்ல தாத்தா, கல்லுதானே" என்று பேரன் பெருந்தன்மையாக மன்னித்தான்.

அடுத்து அவன் இரண்டு வித்தை சொல்லிக்கொடுத்தான். ஒன்று, பிரஷ்ஷில் சாம்பல் நிறத்தைத் தொட்டு, துணியில் ஏறக்குறைய முழுதும் துடைத்துவிட்டு, லேசாகத் தேய்ப்பது. மேடான விளிம்புகளில் மட்டும் நிறம் பிடிக்கும். இரண்டு, தண்ணீராகக் கரைத்த கரும்பழுப்புப் பெயிண்டை மேலே ஓடவிடுவது. அது பள்ளங்களில் போய்த் தங்கும். மேடு வெளுத்து, பள்ளம் இருண்டு, பிளாஸ்டிக் கல்லாகிவிடும்.

வேலியை என் பொறுப்பில் விட்டான். முப்பத்திரண்டு வருஷம் துருப்பிடித்தல் பாடம் நடத்தியவன் அல்லவா! கம்பி முழுக்க ஆரஞ்சு நிறத்தைச் சீராகப் பூசினேன். அவன் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"தாத்தா, இது பழசா தெரியல. அழுக்கா தெரியுது."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் காரணம் சொல்ல அவனுக்கும் தெரியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை மகன் எங்களை நகரத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்துத் தேவாலயத்துக்குக் கூட்டிப்போனான். பேரன் நோட்டுப் புத்தகத்தோடு வந்தான்.

அந்தக் கல்லறைகளுக்கு நடுவே இரண்டு மணி நேரம் குனிந்து பார்த்தோம். 1700களில் வைத்த சுவித்லேண்ட் சிலேட் கல்லில் எழுத்து நேற்று வெட்டியது போல் இருக்கிறது. அதற்கு நூறு வருஷம் பின்னால் வந்த மணற்கல் பொருக்குப் பொருக்காக உதிர்ந்து, பெயரே போய்விட்டது. சுண்ணாம்புக்கல்லை மழைநீரிலுள்ள அமிலம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எழுத்தை மழுக்கியிருக்கிறது. வெயில் படாத பக்கம் பாசி. கல்லின் உச்சியில் மட்டும் ஆரஞ்சு நிற லைக்கன். பறவைகள் வந்து உட்காரும் இடம் அது, எச்சம்தான் லைக்கனுக்கு உரம். வெண்கலப் பலகையில் பிடித்த களிம்பு, மழையில் கரைந்து கீழே உள்ள கல்லில் பச்சைக் கோடாக வழிந்திருக்கிறது.

இரும்பு வேலி? நடுக்கம்பி நன்றாகத்தான் இருந்தது. கம்பிகள் ஒன்றையொன்று தொடும் மூட்டிலும், கல்லுக்குள் சொருகிய அடியிலும்தான் துரு. தண்ணீர் தங்கும் இடம் பார்த்துத்தான் துரு வந்திருக்கிறது.

அப்போதுதான் எனக்கு அந்தப் பையன் நினைவுக்கு வந்தான். தொண்ணூறுகளில் பத்தாம் வகுப்பு. அடைமழை நாள். துருப்பிடித்தல் சமன்பாட்டைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். ஜன்னலோரத்திலிருந்து எழுந்து கேட்டான்: "சார், கம்பி முழுக்க ஒரே காத்து, ஒரே மழைதானே படுது? அப்புறம் ஏன் சட்டத்துல சொருகின இடத்துல மட்டும் இத்துப்போயிருக்கு?"

நான் சொன்ன பதில்: "அது பரீட்சைக்கு வராது. உட்காரு."

உட்கார்ந்தான். அதற்குப் பிறகு அவன் என் வகுப்பில் கேள்வி கேட்டதாக எனக்கு நினைவில்லை. எனக்கு அன்று பதில் தெரியாது என்பதுதான் உண்மை. அதை ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டேன்.

தம்பி, இதோ பதில். மழை விட்டால் கம்பியின் மேல்பகுதி சீக்கிரம் காய்ந்துவிடும். சட்டத்துக்கும் கம்பிக்கும் நடுவே உள்ள இடுக்கில் ஈரம் நாள்கணக்கில் தங்கும். அந்த ஈரத்துக்குள் ஆக்சிஜன் எளிதாகப் போக முடியாது, வெளியே ஆக்சிஜன் தாராளம். இந்த வேறுபாடே அங்கே ஒரு சின்ன மின்கலத்தை உண்டாக்குகிறது. ஆக்சிஜன் குறைந்த இடுக்கு ஆனோடு ஆகி, அங்கே இரும்பு கரைகிறது. பாடப்புத்தகத்தைவிட நல்ல கேள்வி உன்னுடையது. அன்று உன்னை உட்காரச் சொன்னதற்கு மன்னித்துக்கொள்.

ஊருக்குக் கிளம்பும் முன் வேலியை மறுபடி கறுப்பாக்கி, மூட்டிலும் அடியிலும் மட்டும் கரும்பழுப்பு, அதன் நடுவே துளி ஆரஞ்சு, கீழே கல்லில் மெல்லிய ஒரு வழிசல் வைத்தேன். கல்லின் உச்சிகளில் பேரன் லைக்கன் புள்ளி வைத்தான். பளபளப்பு போக மேட் வார்னிஷ் அடித்தோம். "இப்ப பழசா இருக்கு தாத்தா" என்றான். எனக்கு அது சென்டம் வாங்கினது போல் இருந்தது.

உங்களில் பலர் இப்போது ஆசிரியர்கள். தெரியாத கேள்வி வந்தால், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள். நான் செய்யாமல் விட்டது அது.

அந்தத் தம்பி இதைப் படித்தால் போன் பண்ணு. பழைய நம்பர்தான்.

அன்புடன்,
உங்கள் வேதியியல் வாத்தியார்