உவர்மலைக் காற்றும் என் பல்லும்

பஸ்காரர் ஓர்ஸ் ஹில் என்று கூப்பிடும் இடத்தை நாங்கள் உவர்மலை என்போம். திருகோணமலை உட்துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கும் மேடு அது. விவேகானந்தா கல்லூரியும் ஆளுநர் செயலகமும் அங்கேதான் இருக்கின்றன. எதிர்க்கரையில் சீனன்குடா மாவாலை தெரியும். என் சின்னம்மாவின் வீடும் அங்கேதான்.

காணிக் கடிதம் ஒன்று விஷயமாகச் சம்பூரிலிருந்து போயிருந்தேன். முன்பென்றால் கிண்ணியாவில் பாதையில் ஏறித்தான் கடக்க வேண்டும். 2009 ஒக்டோபரில் பாலம் திறந்த பிறகு பஸ்ஸிலேயே போய்விடலாம். விடியற்காலையில் முற்றத்தில் நின்று கடலைப் பார்த்தேன். வாயைத் திறந்ததும் குளிர்காற்று பல்லில் பட்டுச் சுரீரென்றது. கையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"இன்னுமா பிள்ளை அந்தப் பல்லு?" என்றார் சின்னம்மா. வருடக்கணக்காக நான் தண்ணீரை ஒரு பக்கத்தால்தான் குடிக்கிறேன். ஏற்கனவே இரண்டு பல்லைப் பிடுங்கியாயிற்று. மிச்சத்தையும் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயத்தில் ஒருவரிடமும் காட்டவில்லை. சின்னம்மா விடவில்லை. அரசாங்க வைத்தியசாலையின் பற்சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போய், துண்டெடுத்து, வாங்கில் உட்கார வைத்தார். காசு எதுவும் கேட்கவில்லை.

டொக்டர் ஓர் இளம் பெண். பல்லைப் பார்த்துவிட்டு, "எதால பல்லு விளக்குறீங்க அம்மா?" என்றார். முகாமில் பழகிய பழக்கம்: பற்பசை இல்லாத நாட்களில் கரியும் செங்கல்தூளும்தான். பசை கிடைத்த பிறகும் முரட்டுப் பிரஷால் அழுத்தித் தேய்ப்பேன். அது பல்லின் மேலோட்டைத் தேய்த்து, முரசையும் கீழே இறக்கிவிடும் என்றார். மேலோட்டுக்கு உள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் இருக்கின்றனவாம். அவை வெளிப்பட்டுவிட்டால் குளிர், சூடு, புளிப்பு எல்லாம் நரம்பை எட்டும். அதுதான் கூச்சம்.

பிறகு மெதுவாகக் கேட்டார்: "இரவில பல்லை நறுநறுவெண்டு கடிக்கிறீங்களா?"

எனக்குப் பதில் வரவில்லை. 2006 சித்திரையில் குண்டு விழுந்த இரவு, பங்கருக்குள் பிள்ளைகள் சத்தம் போடாமலிருக்க நானும் பல்லைக் கடித்துக்கொண்டே இருந்தேன். பிறகு பத்து வருடமளவில் முகாம் வாழ்க்கை. "அம்மா, நித்திரையில பல்லைக் கடிக்கிறீங்க" என்று மகள் பலமுறை சொல்லியிருக்கிறாள். நான் பூச்சித் தொல்லை என்று நினைத்திருந்தேன். "மனசில அழுத்தம் இருந்தா இப்பிடி வரும், உங்களில பிழை இல்லை" என்றார் டொக்டர். அந்தச் சொல்லுக்கே கண் கலங்கிவிட்டது.

ஒரு பல்லையும் பிடுங்கவில்லை. சொத்தையான ஒன்றை அடைத்தார். கூசிய பற்களில் புளோரைட் மருந்து பூசினார். இரவில் பல்லுக்கு உறை போடலாம் என்றும், மனநலப் பிரிவில் ஒருமுறை கதைத்துப் பார்க்கலாம் என்றும் சொன்னார்.

அவர் சொன்னவற்றை உங்களுக்கும் சொல்லுகிறேன். மென்மையான பிரஷால், புளோரைட் உள்ள பசையால், காலையும் படுக்கப் போகும்போதும் விளக்குங்கள். நுரையைத் துப்பினால் போதும், தண்ணீரால் அலசி மருந்தைக் கழுவிவிடாதீர்கள். தேசிக்காய், புளி சாப்பிட்ட உடனே தேய்க்காமல் அரைமணி நேரம் பொறுங்கள். கூச்சத்துக்கென்று விற்கும் பசை ஒரே நாளில் கேட்காது, சில கிழமை வேண்டும். கராம்பெண்ணெய் வலியை அடக்கும், நோயை மாற்றாது. குளிர் போன பிறகும் வலி நின்றாலோ, இரவில் துடித்தாலோ, முகம் வீங்கினாலோ உடனே காட்டுங்கள். வெற்றிலை, பாக்கு, புகையிலை போடுகிறவர்கள் வாயில் வெள்ளை, சிவப்புப் படை தெரிந்தால் காத்திருக்க வேண்டாம். இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண்ணும் அப்படித்தான். வாய்ப் புற்றுநோய் எங்கள் நாட்டில் அதிகம்.

"ஒரு பிள்ளைக்கு ஒரு பல்லு" என்று எங்கள் அம்மாக்கள் சொல்லுவார்கள். பிள்ளை பெற்றால் பல் போய்த்தான் ஆக வேண்டும் என்பது உண்மையில்லை. கர்ப்ப காலத்தில் முரசு இலகுவாக வீங்கும், இரத்தம் வரும். அதனால் அந்த நேரத்தில்தான் பல்லைக் கட்டாயம் காட்ட வேண்டும்.

உலகத்தில் ஏறக்குறைய 350 கோடிப் பேருக்கு வாய்நோய் இருக்கிறதென்று உலக சுகாதார நிறுவனம் 2022 இல் சொன்னது. நான் தனியாள் இல்லை. ஆனாலும் வீடு, காணி, பிள்ளைகள் என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு எங்கள் உடம்பைக் கடைசியில் வைப்பது எங்கள் வழக்கமாகிவிட்டது.

இரண்டு மாதம் கழித்துக் கடிதத்துக்காக மறுபடி உவர்மலைக்குப் போனேன். கடிதம் இன்னும் வரவில்லை. சின்னம்மா பானையிலிருந்து தண்ணீர் வார்த்துத் தந்தார். முற்றத்தில் துறைமுகத்தைப் பார்த்தபடி, இரண்டு பக்கத்தாலும் குடித்தேன்.