துணியின் மூலையில் ஒரு பெயர்

கொச்சிக்கடைக்கு அப்பால் மா ஓயாப் பாலத்தைக் கடந்ததும் கம்பஹா மாவட்டம் முடிந்து புத்தளம் மாவட்டம் தொடங்கிவிடுகிறது. வென்னப்புவ, மாரவில என்று ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே போகின்றன. இடப்பக்கம் கடல், வலப்பக்கம் தென்னந்தோட்டம், நடுவே தேவாலயக் கோபுரங்கள். மாரவிலவைத் தாண்டி மஹாவெவ நெருங்கும்போது வீதியோரக் கடைகளின் முகப்பில் சாறமும் சாரியும் சுவர்த்துணியும் தொங்கத் தொடங்கும். எல்லாம் பத்திக். இலங்கையில் பத்திக் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருகிற ஊர்களில் மஹாவெவவும் ஒன்று.

நாங்கள் அங்கே போனது துணி வாங்கவும் தைத்த துணிகளை எங்களுக்குள் மாற்றிக்கொள்ளவும். கொழும்பு, நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம் என்று வெவ்வேறு ஊர்களில் இருக்கும் பெண்கள் சிலர் துண்டுத்துணிகளை இணைத்துப் போர்வை தைக்கிறோம். கில்ட் என்றுதான் எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம். வேலை, வீடு, பிள்ளைகளின் பரீட்சை எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு வாரக்கடைசியை ஒதுக்கிக் கூடுவோம். தைத்த போர்வைகளைக் கொடியில் தொங்கவிட்டு ஒருவர் தையலை மற்றவர் பார்ப்போம். பிறகு ஒரே அளவில் தைத்துக் கொண்டுவந்த சதுரங்களை மாற்றிக்கொள்வோம். இந்தமுறை மாரவிலக் கடற்கரையோரத்து விடுதி ஒன்றில் தங்கினோம். பக்கத்துப் பத்திக் பட்டறைகளையும் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

கில்ட்டுக்கு மூன்று அடுக்கு. மேலே துண்டுகள் சேர்ந்த துணி, நடுவில் பஞ்சு, கீழே முழுத்துணி. மூன்றையும் ஊடுருவிப் பிடிக்கும் ஓட்டுத்தையல். குளிர்நாட்டுச் சமாச்சாரம் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் வங்காளத்துப் பெண்கள் பழைய சேலைகளை அடுக்கிக் காந்தா தைக்கிறார்கள். சிந்துவில் ரல்லி. கர்நாடகத்தின் ஹலியால், எல்லாப்பூர்ப் பக்கத்தில் வாழும் ஆபிரிக்க வம்சாவளிச் சித்திப் பெண்கள் தைக்கும் கவந்தி, ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து முடியும். நான்கு மூலையிலும் மடித்துத் தைத்த சிறு முக்கோணங்கள் இல்லாவிட்டால் அது முழுமையாகாது. இலங்கையில் துண்டுத்துணியை இணைத்துத் தைக்கும் வழக்கத்தில் மிகப் பழையது புத்த பிக்குகளின் சீவரம்தான் என்று நினைக்கிறேன். வயல் வரம்புகளைப் பார்த்து அந்த வெட்டு அமைந்தது என்று விநய நூல் சொல்கிறது. கார்காலம் முடிந்து வழங்கும் கடினச் சீவரத்தை ஒரே நாளுக்குள் வெட்டி, தைத்து, சாயமிட்டு முடித்துவிட வேண்டும். ஊரே கூடி உட்கார்ந்து தைக்காமல் அது நடக்காது. போர்வை தைக்கும் எவருக்கும் அந்த ஒருநாள் அவசரமும் அதிலுள்ள கூட்டுழைப்பும் உடனே புரியும்.

எங்கள் மாற்றலுக்கு ஒரேயொரு விதிதான். சதுரத்தின் மூலையில் தைத்தவர் தன் பெயரையும் வருடத்தையும் எழுத வேண்டும். இதுவும் பழைய வழக்கம். 1840களில் அமெரிக்காவில் ஊரைவிட்டு மேற்கே குடிபெயர்ந்தவர்களுக்கு உறவினரும் சிநேகிதிகளும் ஆளுக்கொரு சதுரம் தைத்து, அழியாத மையில் பெயர் எழுதி, ஒரே போர்வையாக்கிக் கொடுத்தனுப்பினார்கள். அப்படிப்பட்ட போர்வைகள் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. தைத்தவர்களில் பலரைப் பற்றி எஞ்சியிருப்பது துணியில் உள்ள அந்தப் பெயர் மட்டும்.

நாங்கள் போன பட்டறை தென்னை வளவுக்குள் ஒரு நீண்ட கொட்டகை. முன்னால் கடை, பின்னால் வேலை. உள்ளே கால் வைத்ததும் மெழுகுப் புகை மூக்கில் ஏறியது. பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் பக்கத்திலும் சின்ன அடுப்பு, அதன்மேல் மெழுகுச் சட்டி. வயதில் மூத்த ஒருவர் எங்களைப் பார்த்துத் தமிழில் கதைத்தார். இந்தக் கரையோரத்து மீனவக் குடும்பங்கள் பலவற்றின் வீட்டு மொழி சில தலைமுறைக்கு முன் தமிழாக இருந்தது. பள்ளிக்கூடமும் கோயிலும் சிங்களத்துக்கு மாற, வீடும் மெல்ல மாறிவிட்டது. அவருக்குத் தமிழ் அம்மம்மாவிடமிருந்து வந்ததாம்.

“கிட்ட வாங்க தங்கச்சி, புகை பழகிரும்” என்று பக்கத்தில் இடம் கொடுத்தார்.

அவர் கையில் இருந்தது சான்டிங் எனப்படும் செப்புக் குழல். மரப்பிடியின் முனையில் சின்னக் கிண்ணம், அதிலிருந்து ஊசியளவு மூக்கு. சட்டியில் மெழுகை முகர்ந்து, மூக்கை ஒரு துணியில் துடைத்து, பென்சில் கோட்டின் மேல் ஓடவிட்டார். சொட்டு விழவில்லை. கோடு முடிகிற இடத்தில் குழலைச் சட்டென்று நிமிர்த்தி, கீழே இடது உள்ளங்கையை ஏந்திக்கொண்டார். அந்த ஒரு சொட்டு கையில் விழட்டும், துணியில் விழக்கூடாது. உள்ளங்கையில் பழைய சூட்டுத் தழும்புகள் இருந்தன.

மெழுகு என்றாலும் ஒரே மெழுகு இல்லை. பாரஃபினும் தேன்மெழுகும் கலக்கிறார்கள். தேன்மெழுகு வளைந்து கொடுக்கும், கோட்டைக் காக்கும். பாரஃபின் காய்ந்தால் உடையும். உடைந்த கீற்றுகளுக்குள் சாயம் இறங்கி, நரம்போடியது போன்ற மெல்லிய கோடுகள் உண்டாகும். பத்திக்கை அடையாளம் காட்டுகிற அந்த வெடிப்புக் கோடுகள் வேண்டும் என்றால் பாரஃபினைக் கூட்டி, மெழுகு ஆறிய துணியைக் கையால் கசக்குவார்கள். எவ்வளவு கசக்குவது என்பதற்கு அளவுகோல் கிடையாது. சூட்டுக்கும் கிடையாது. மெழுகு பட்ட இடம் உடனே ஒளி ஊடுருவுவதாகத் தெரிந்தால் சூடு சரி. வெள்ளையாக மேலே படிந்து நின்றால் ஆறிவிட்டது. சாயம் அடியில் புகுந்துவிடும். கோட்டை மீறிப் பரவினால் சூடு கூடிவிட்டது. அவர் சட்டியைப் பார்க்கவே இல்லை, துணியைத்தான் பார்த்தார். பிறகு துணியைத் திருப்பி, மெழுகு இறங்காத இடங்களில் பின்பக்கமும் பூசினார்.

என்னை அதிகம் கவர்ந்தது நிறங்களின் ஒழுங்கு. வெளிர்நிறத்தில் தொடங்கிக் கடும்நிறத்துக்குப் போகிறார்கள். வெள்ளையாக நிற்க வேண்டியதை முதலில் மெழுகால் மூடி மஞ்சளில் முக்குவார்கள். மஞ்சளாக நிற்க வேண்டியதை அடுத்து மூடி நீலத்தில் முக்கினால், மூடாத மஞ்சள் பச்சையாகும். அந்தப் பச்சையில் வேண்டியதை மூடி மறுபடி கடும்நீலம். ஒவ்வொரு முழுக்கிலும் துணியின் பெரும்பகுதி மெழுகுக்குள் மறைந்துகொண்டே போகிறது. கடைசியில் பார்த்தால் கருத்த, மொடமொடத்த ஒரு துண்டுதான் கையில் இருக்கும். அதற்குள் எந்த இடத்தில் எந்த நிறம் ஒளிந்திருக்கிறது என்பது மெழுகு வைத்தவருக்குத்தான் தெரியும். முடிந்த படத்தை மனதில் பிடித்துக்கொண்டு பின்னாலிருந்து முன்னுக்கு யோசிக்கிற வேலை இது. தாளில் எதுவும் எழுதி வைத்திருக்கவில்லை. இதைக் கைவேலை என்று மட்டும் சொல்வது அநியாயம்.

கொட்டகைக்கு வெளியே ஒரு பீப்பாயில் தண்ணீர் கொதித்தது. அடியில் தென்னம்பொச்சும் மட்டையும் எரிந்தன. ஓர் இளைஞர் நீண்ட தடியால் துணியை அமுக்கிப் புரட்ட, மெழுகு கழன்று மேலே மிதந்தது, மூடியிருந்த நிறமெல்லாம் வெளியே வந்தது. நாங்கள் எல்லோரும் ஒன்றாகக் குரல் எழுப்பிவிட்டோம். அவர்களுக்கு அது தினமும் பார்க்கிற காட்சி. ஆனாலும் மெழுகு வைத்த அக்கா கதவடிக்கு வந்து எட்டிப் பார்த்தார். மிதந்த மெழுகை ஆறவிட்டு அடையாக எடுத்து மறுபடி பாவிக்கிறார்கள்.

இலங்கைப் பத்திக்கின் வேர் ஜாவாவில். ஒல்லாந்தர் காலத்தில் அந்தத் துணிகள் இங்கே வந்தன. ஆனால் இன்று நாம் காணும் இலங்கைப் பத்திக் 1960களில் எழுந்தது. பத்திக் கலைஞர் எனா டி சில்வாவும் ஓவியர் லக்கி சேனாநாயக்கவும் கொழும்பில் தொடங்கிய பட்டறை அதற்கு முக்கியக் காரணம். கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வடிவமைத்த பெந்தோட்டை ஹோட்டலின் வரவேற்புக்கூடக் கூரைக்கு அவர்களின் பத்திக்தான் அணியானது. எனா பிறகு மாத்தளை அலுவிஹாரையில் கிராமத்துப் பெண்களோடு அந்த வேலையைத் தொடர்ந்தார்; 2015இல் மறைந்தார். உல்லாசப் பயணிகள் பெருகியபோது மேற்குக் கரையோரம் முழுவதும் பட்டறைகள் முளைத்தன. பயணிகள் வராத காலங்களில், 2019 ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிறகும் பெருந்தொற்றிலும், முதலில் அடிபட்டதும் இந்த வீதியோரக் கடைகள்தாம். 2020 ஓகஸ்டில் பத்திக்கும் கைத்தறியும் பெயரிலேயே இடம்பெற்ற ஓர் இராஜாங்க அமைச்சு உருவானது. சாயமும் இரசாயனப் பொருளும் இறக்குமதியை நம்பியிருக்க, 2022 பொருளாதார நெருக்கடியில் டொலர் இல்லாமல் போனபோது அவற்றின் விலை தாங்கமுடியாமல் ஏறியது என்று பட்டறையில் எல்லோருமே சொன்னார்கள்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். இந்தக் கரை மணற்பாங்கானது. கிணற்றில் கொஞ்ச ஆழத்திலேயே நல்ல தண்ணீர் கிடைக்கும். மேலே ஊற்றுவதெல்லாம் அதே வேகத்தில் உள்ளே இறங்கும். சாயத்தொட்டியின் கழிவைச் சுத்திகரிக்காமல் மணலில் விடுகிற எந்தப் பட்டறையும் தன் ஊர்க் கிணற்றிலேயே சாயம் கலக்கிறது. சோடா கலந்த சாயத்தில் நாள் முழுக்கக் கை வைப்பவர்களுக்குக் கையுறையும், மெழுகுப் புகைக்குள் இருப்பவர்களுக்குக் காற்றோட்டமும் கட்டாயம் வேண்டும். துணியின் அழகைச் சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் விட என்னால் முடியவில்லை.

போர்வை தைப்பவர்களுக்குப் பத்திக் மேல் தனிப் பிரியம். உலகெங்கும் கில்ட் கடைகளில் பாலியில் செய்த பத்திக் துணி மலைபோல் குவிந்திருக்கும். மெழுகும் சாயமும் இருபுறமும் இறங்குவதால் துணிக்கு நல்ல பக்கம், கெட்ட பக்கம் கிடையாது. எப்படித் திருப்பி வெட்டினாலும் பொருந்தும். நெருக்கமாக நெய்த பருத்தி என்பதால் ஓரம் எளிதில் பிரியாது, ஆனால் கையால் தைக்கும்போது ஊசி கொஞ்சம் மல்லுக்கட்டும். கடும்நீலமும் சிவப்பும் வாங்கினால், ஈர வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் வெள்ளையோடு சேர்த்துத் தைக்க வேண்டும். பட்டறையில் சட்டை வெட்டி மிஞ்சிய துண்டுகளை மூட்டையாகக் கட்டி மூலையில் வைத்திருந்தார்கள். கிலோக் கணக்கில் நிறுத்து வாங்கினோம். பேரம் பேசவில்லை.

அன்று மாலை விடுதி வளவில் தென்னைக்குத் தென்னை கயிறு கட்டிப் போர்வைகளைத் தொங்கவிட்டோம். பட்டறையிலிருந்து அந்த அக்காவும் இன்னும் சிலரும் வேலை முடித்து வந்தார்கள். போர்வைகளின் முன்பக்கத்தைப் பார்த்துவிட்டு உடனே புரட்டிப் பின்பக்கத் தையலைப் பார்த்தார்கள். தொழில் தெரிந்தவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். என் சிநேகிதி ஒருத்தி பல மாதம் தைத்த கடல்நீலப் போர்வையின் ஓரத்தை விரலால் தடவி, “இது மிஷின் இல்ல, கை” என்று அக்கா சொன்னபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

மாற்றலுக்கு அவர்களும் ஆளுக்கொரு சதுரம் கொண்டுவந்திருந்தார்கள். அக்காவுடையதில் ஒரு சுறாவும் வலைக்கண்ணிகளும் இருந்தன. மூலையில் பெயர் இல்லை. விதியைச் சொன்னதும் தயங்கினார். “சின்ன வயசில இருந்து மெழுகு வைக்கிறேன் தங்கச்சி. பேரு எங்கயும் போட்டதில்ல. கடைப் பேரு தானே ஒட்டுவாங்க” என்றார். துண்டுக் கணக்கில் கூலி வாங்குபவர் அவர். அவர் மெழுகு வைத்த சாரி எந்த நாட்டில், யார் தோளில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. கட்டியிருப்பவருக்கும் அவரைத் தெரியாது.

துணியில் எழுதும் பேனாவை நீட்டினோம். வேண்டாம் என்று சதுரத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் காலை நாங்கள் புறப்படுமுன் கொண்டுவந்தார். வெண்ணிறமாக விட்டிருந்த ஓரப்பட்டையில் மெழுகால் பெயர் எழுதி, பட்டையை மட்டும் நீலத்தில் தோய்த்து, கொதிநீரில் மெழுகை எடுத்திருந்தார். நீலத்தின் நடுவே வெள்ளையாக, உருண்டையான சிங்கள எழுத்தில் அவர் பெயர். பக்கத்தில் வருடம். எழுத்தின் வளைவுகளில் ஓரிடத்திலும் சாயம் கசியவில்லை. பத்திரிகையில் என் பெயர் வேண்டாம், துணியில் இருந்தால் போதும் என்று கேட்டுக்கொண்டார். அதனால் இங்கே எழுதவில்லை.

பெயர் போடுவதால் என்ன மாறும் என்று கேட்பவர்களுக்கு அமெரிக்காவின் அலபாமாவில் உள்ள ஜீஸ் பெண்ட் கிராமத்தைச் சொல்வேன். அடிமைகளாக இருந்தவர்களின் வம்சத்தில் வந்த கறுப்பினப் பெண்கள், கிழிந்த வேலையுடுப்புகளை வெட்டித் தைத்த போர்வைகள் 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டன. ஒவ்வொரு போர்வையின் அருகிலும் தைத்தவரின் பெயர் இருந்தது. 2006இல் அமெரிக்க அஞ்சல்துறை அந்தப் போர்வைகளுக்குப் பத்து முத்திரைகள் வெளியிட்டது. அந்தப் பெண்கள் கலைஞர்களாக அறியப்பட்டார்கள். பெயர் தெரிந்த பிறகு விலையைப் பற்றியும் உரிமையைப் பற்றியும் கதைக்க முடிந்தது.

மஹாவெவவிலும் மாரவிலவிலும் பட்டறை நடத்துபவர்கள் ஒட்டும் சீட்டில் கடைப்பெயருக்குக் கீழே இன்னொரு வரிக்கு இடம் இருக்கிறது. மெழுகு வைத்தவர் விரும்பினால் அவர் பெயரை அதில் அச்சிடலாம். செலவு ஒன்றும் அதிகமாகாது. வாங்கப்போகிறவர்களும் விலை கேட்பதற்கு முன் “இதுக்கு மெழுகு வைச்சது யார்?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்பவர்கள் பெருகினால் சீட்டில் அந்த வரி தானாக வந்துவிடும்.