மஞ்சள் விளக்கும் பாமினி எழுத்தும்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் ஒட்டடை புடிச்சுக் கிடக்கு. தீசிஸ், வார இறுதி வேலை, காலையில பிளாக்டவுன் ஸ்டேஷன்ல ரயிலுக்கு ஓடறதுன்னு பொழுது போயிடுது. ஆனா போன வாரம் நடந்ததை எழுதாம விட்டா மனசு கேக்காது. அதான் வந்துட்டேன்.

நான் வாடகைக்கு இருக்கறது ஒரு யாழ்ப்பாணத்து அன்ட்டி வீட்டுல. பின்பக்க ரூம் எனக்கு, முன்பக்கம் அவங்களுக்கு. அங்கிள் 2020ல தவறிட்டார். பிள்ளைங்க மெல்போர்ன்ல. நான் படிக்கறது சிவில் இன்ஜினியரிங் முதுகலை. ஆனா வெளிநாட்டுல படிக்க வந்த தமிழ்ப் பையன்னா கம்ப்யூட்டர் ரிப்பேர் தெரியும்ங்கறது உலகப் பொது விதி. சிமெண்ட் பத்தி மட்டும் இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்லை :-)

போன சனிக்கிழமை அன்ட்டி லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு வந்தாங்க.

"தம்பி, இதை ஒருக்கா பாருங்கோ. எழும்பவே அரை மணித்தியாலம் எடுக்குது. அதோட இதுக்குள்ள அவர் எழுதினது எல்லாம் கிடக்குது. வைரஸ் திண்டிட்டுதாம். பிரயோசனம் இல்லை, அழிச்சுவிடுங்கோ எண்டு கடைக்காரப் பெடியன் அப்பவே சொல்லிப்போட்டான். எனக்குத்தான் மனம் வரேல்லை."

ஆக பிரச்சினை ரெண்டு. ஒண்ணு, மெஷின் மெதுவா ஓடுது. ரெண்டாவது, அங்கிளோட எழுத்து. ஒவ்வொண்ணா வருவோம்.

மெதுவா ஓடுற கம்ப்யூட்டருக்கு எதையும் டவுன்லோடு பண்றதுக்கு முன்னாடி கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அமுக்குங்க. டாஸ்க் மேனேஜர் வரும். சிபியு, மெமரி, டிஸ்க்குன்னு மூணு நெடுவரிசை இருக்கும். எது நிரம்பி வழியுதுன்னு பார்த்தா பாதி வியாதி தெரிஞ்சிடும். பக்கத்துலயே ஸ்டார்ட்அப்னு ஒரு பகுதி இருக்கும். மெஷின் எழும்பும்போதே கூடவே எழும்புற ஆளுங்க பட்டியல் அது. அன்ட்டி மெஷின்ல ரெண்டு ஆன்ட்டிவைரஸ், எப்பவோ தூக்கிப்போட்ட பிரிண்டரோட உதவியாளர், யாரும் பேசாத மூணு அரட்டைச் செயலின்னு ஒரு கல்யாணக் கூட்டமே இருந்துச்சு. ஒரே ஃபைலை ரெண்டு ஆன்ட்டிவைரஸும் மாத்தி மாத்தி சோதிச்சா மெஷின் என்னத்துக்கு ஆகும்? வேண்டாததை டிஸேபிள் பண்ணினேன். இதை விட ஆழமா தோண்டணும்னா ஆட்டோரன்ஸ்னு ஒரு இலவசக் கருவி இருக்கு. மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் தொடங்கின சிஸ்இன்டர்னல்ஸ்ல இருந்து வந்தது. 2006ல மைக்ரோசாஃப்டே அதை வாங்கிடுச்சு.

மறுபடி ஸ்டார்ட் பண்ணினேன். கொஞ்சம் தேவலை. ஆனா டிஸ்க் மட்டும் 100 சதவீதத்துல அப்படியே நிக்குது. உள்ள இருந்து 'டிக்... டிக்'னு ஒரு சத்தம்.

என் கை தானா 'செக்டிஸ்க்' கட்டளையை அடிக்கப் போச்சு. அங்கதான் நிறுத்தினேன். ஏன்னு சொல்றேன்.

2019ல மதுரையில அக்கா கல்யாணம். போட்டோ எல்லாம் ஒரே ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்ல. ஆறு மாசத்துல அது மக்கர் பண்ண ஆரம்பிச்சுது. நான்தான் வீட்டுக் கம்ப்யூட்டர் புலியாச்சே. கெட்டுப்போன பகுதியைச் சரி பண்ணுன்னு செக்டிஸ்க்குக்கு உத்தரவு போட்டுட்டுத் தூங்கப் போயிட்டேன். காலையில பார்த்தா 'ஃபவுண்ட்'னு ஒரு ஃபோல்டர், உள்ள பேரில்லாத துண்டு துண்டான ஃபைலுங்க. அப்புறம் ஃபோட்டோரெக்னு ஒரு இலவசக் கருவியை வெச்சுப் பாதிக்கும் குறைவான படத்தை மீட்டேன். கேமரா கார்டுல இருந்து போன படத்தை மீட்கறதுக்காக கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதினது. டிஸ்க்கைப் படிக்க மட்டும்தான் செய்யும், அதுமேல எழுதாது. நல்ல கருவிதான். ஆனா தாலி கட்டுற படம் அதுல வரலை. அக்கா இன்னிக்கு வரைக்கும் ஒரு வார்த்தை திட்டினதில்லை. திட்டியிருந்தா பரவாயில்லைன்னு இருக்கும்.

நான் செஞ்ச தப்பு என்னன்னா, செக்டிஸ்க் வேலை ஃபைல் சிஸ்டத்தோட கணக்கைச் சரி பண்றது. உங்க போட்டோவைக் காப்பாத்தறது அதோட வேலை இல்லை. கணக்கு இடிச்சா துண்டு போட்டுடும். அதோட, சாகப்போற டிஸ்க்கை ராத்திரி பூரா மூலைமுடுக்கெல்லாம் படிக்க வெச்சா, மூச்சு வாங்குறவரை மாடிப்படி ஏறச் சொன்ன மாதிரி.

அதனால இந்தத் தடவை முதல்ல நாடி பார்த்தேன். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோன்னு ஒரு சின்ன கருவி, ஜப்பான்ல எழுதினது, இலவசம். ஹார்ட் டிஸ்க் தன்னைப் பத்தித் தானே ஒரு குறிப்பேடு வெச்சிருக்கும். ஸ்மார்ட்னு பேரு. இந்தக் கருவி அதைப் படிச்சு நீலம், மஞ்சள், சிவப்புன்னு விளக்கு காட்டும். நீலம்னா நலம். அன்ட்டி டிஸ்க்குக்கு மஞ்சள். அதுல 05ன்னு ஒரு வரி இருக்கும், கெட்டுப்போய் மாத்து இடம் கொடுத்த பகுதிகளோட கணக்கு. சி5ன்னு இன்னொண்ணு, படிக்க முடியாம தடுமாறிக்கிட்டு இருக்கற பகுதிகளோட கணக்கு. இந்த ரெண்டும் பூஜ்யத்தைத் தாண்டி ஏறிக்கிட்டே போனா, மத்த எல்லா வேலையையும் விட்டுட்டுக் காப்பி எடுக்கணும். ஆனா எல்லாம் நீலமா இருந்து திடீர்னு போற டிஸ்க்கும் உண்டு. அதனால நீலத்தை நம்பிக் காப்பி எடுக்காம இருக்காதீங்க.

வெஸ்ட்பாயின்ட்டுக்கு ஓடிப்போய் ஒரு வெளி டிஸ்க் வாங்கிட்டு வந்தேன். மவுஸால இழுத்துப் போட்டா ஒரு கெட்ட ஃபைல் வந்ததும் கேள்வி கேட்டுட்டு நின்னுடும். அதுக்குப் பதிலா விண்டோஸ்லயே இருக்கற ரோபோகாப்பி கட்டளை. ஆனா ஒரு எச்சரிக்கை: ஒரு ஃபைலைப் படிக்க முடியலைன்னா ரோபோகாப்பி தானா 30 நொடி காத்திருந்து மறுபடி முயற்சி பண்ணும். எத்தனை தடவை? பத்து லட்சம் தடவை! மறு முயற்சி ஒண்ணு, காத்திருப்பு ஒரு நொடின்னு நாமதான் சொல்லி வைக்கணும். ராத்திரி ஆரம்பிச்சது காலையில முடிஞ்சுது. ரெண்டு வீடியோ தவிர எல்லாம் பத்திரமா வந்துடுச்சு. அப்பதான் எனக்கு மூச்சே வந்துச்சு.

இப்ப ரெண்டாவது பிரச்சினை. 'வைரஸ் தின்ன' ஃபைலுங்க.

ஒரு வேர்டு ஃபைலைத் திறந்தேன். பூரா ஆங்கில எழுத்துக் குப்பை. எம், கே, ஒரு அரைப்புள்ளி, மறுபடி கே, கடைசியில எச். இப்படியே அறுபது பக்கம். ஆனா உத்துப் பார்த்தா ஒரு ஒழுங்கு தெரியுது. வார்த்தைக்கு நடுவுல இடைவெளி இருக்கு, பத்தி பிரிச்சிருக்கு, வாக்கியம் முடிஞ்சா முற்றுப்புள்ளி. எந்த வைரஸ்ங்க பத்தி பிரிச்சு எழுதும்? எழுத்து மேல கர்சரை வெச்சு மேல எழுத்துரு பேரு காட்டுற பெட்டியைப் பார்த்தேன். 'பாமினி'ன்னு இருந்துச்சு.

வைரஸும் இல்லை, ஒண்ணும் இல்லை. யூனிகோட்ல தமிழுக்கு 1991லயே இடம் கிடைச்சாச்சு. ஆனா வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அது வந்து சேர ரொம்ப நாள் ஆச்சு. விண்டோஸ் 2000லதான் லதா எழுத்துருவோட தமிழ் உள்ள வந்துச்சு. அதுவரைக்கும், அதுக்கப்புறமும் பல வருஷம், ஆளுக்கொரு எழுத்துரு. எங்க ஊர்ல வானவில், ஸ்ரீலிபி. ஈழத்தமிழர்கள் நடுவுல பெரும்பாலும் பாமினி. இதுல கம்ப்யூட்டருக்குத் தெரிஞ்சது ஆங்கில எழுத்து மட்டும்தான். எம் வந்தா 'அ' படத்தை வரை, கே வந்தா 'ம', அரைப்புள்ளி வந்தா புள்ளி, எச் வந்தா கால்னு சொல்றது எழுத்துரு. நான் பார்த்த அந்தக் குப்பை 'அம்மா'!

2021ல பழைய டெஸ்க்டாப்ல இருந்து இந்த லேப்டாப்புக்கு ஃபைலை மாத்தித் தந்தவர், எழுத்துருவை மாத்த மறந்துட்டார். அவ்வளவுதான். அந்த அண்ணன் சொன்னதைக் கேட்டு அன்ட்டி அழிச்சிருந்தா? நினைச்சாலே வயித்தைக் கலக்குது.

பாமினி எழுத்துருவை இறக்கி, ரைட் கிளிக் பண்ணி இன்ஸ்டால் கொடுத்தேன். ஃபைலை மூடித் திறந்தேன். அறுபது பக்கமும் தமிழ். கரவெட்டியில பள்ளிக்கூடம் போனது, கொழும்பு வேலை, சிட்னியில வந்து இறங்கின நாள். அன்ட்டி கண்ணாடியைப் போட்டுக்கிட்டு முதல் பக்கத்தைச் சத்தமா வாசிச்சாங்க. ரெண்டாவது பக்கத்துல சத்தம் நின்னுடுச்சு. நான் டீ போடற சாக்குல எழுந்து போயிட்டேன்.

ஆனா இதோட விட்டா நாளைக்கு இன்னொரு மெஷின்ல இதே கதைதான். யூனிகோடுக்கு மாத்தணும். அந்தக் காலத்துல நம்மாளுங்க சுரதாவோட பொங்குதமிழ், என்எச்எம் கன்வெர்ட்டர்னு வெச்சு மாத்தினது ஞாபகம் இருக்கும். சிட்னிக்கும் இதுல பங்கு உண்டு. 1990கள்ல இங்க இருந்த பாலா பிள்ளை நடத்தின தமிழ்.நெட் மடற்குழுவுலதான் திஸ்கி குறியீடு பத்தின விவாதமெல்லாம் நடந்துச்சு.

ஒரு மனுஷனோட வாழ்க்கையை ஏதோ ஒரு தளத்துல ஒட்ட எனக்கு மனசு வரலை. பிரவுசருக்குள்ளயே ஓடுற மாற்றி ஒண்ணைச் சேமிச்சுக்கிட்டு, வை-ஃபையை அணைச்சுட்டு ஓட்டினேன். இதுல ஒரு தமாஷ் இருக்கு. மாற்றிக்கு எது தமிழ், எது ஆங்கிலம்னு தெரியாது. அங்கிள் ஆங்கிலத்துல எழுதியிருந்த சிட்னி எல்லாம் 'ளுலனநெல'ன்னு ஆயிடுச்சு! அதையெல்லாம் கையால திருத்தினேன். அதனால பழைய ஃபைலை அழிக்காதீங்க, புதுசோட பக்கத்துலயே வைங்க.

மாத்தினதுல பெரிய லாபம், தேடலாம். கரவெட்டின்னு தட்டினா கரவெட்டி வருது. அன்ட்டிக்கு ஒரே சந்தோஷம். "என்ர பெயரைப் போட்டுப் பாருங்கோ தம்பி"ன்னாங்க. போட்டேன். ஒண்ணுமே இல்லை. மாத்தினதுல ஏதோ தப்புன்னு நினைச்சு மூலத்தைத் திறந்து பார்த்தேன். அதுலயும் இல்லை. எனக்குச் சங்கடமாப் போச்சு.

அன்ட்டி சிரிச்சாங்க. "அவர் ஒருநாளும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எழுத்தில மட்டும் எழுதுவாரோ? 'இஞ்சாரும்' எண்டு போட்டுப் பாருங்கோ."

போட்டேன். பதினாலு இடத்துல இருந்துச்சு.

இப்ப லேப்டாப்புக்கு எஸ்எஸ்டி மாத்தியாச்சு, ஒரு நிமிஷத்துல எழும்புது. அறுபது பக்கமும் மெல்போர்ன்ல பிள்ளைங்ககிட்டயும் ஒரு காப்பி இருக்கு. எனக்குக் கூலி ஒரு டப்பா பயத்தம் பணியாரம். ராத்திரி அக்காவுக்குப் போன் பண்ணி இந்தக் கதையைச் சொன்னேன். "அப்ப என் கல்யாணத்துல கத்துக்கிட்டதை அங்க உபயோகப்படுத்திட்டே"ன்னா. திட்டின மாதிரியும் இருந்துச்சு, திட்டாத மாதிரியும் இருந்துச்சு.

பி.கு: 'வேகமாக்குறேன், சுத்தம் பண்றேன்'னு வர்ற கருவிங்களை அப்படியே நம்பிடாதீங்க. 2017ல சிசிக்ளீனரோட 5.33 பதிப்புக்குள்ளயே யாரோ புகுந்து தீங்கான நிரலை வெச்சுட்டாங்க. ஏறக்குறைய 22 லட்சம் பேரோட மெஷினுக்கு அது போய்ச் சேர்ந்துச்சு. உங்க வீட்டுலயும் அப்பா, தாத்தா எழுதின 'குப்பை' ஃபைல் ஏதாவது இருக்கும். அழிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை எழுத்துரு பேரைப் பாருங்க மக்களே.