பதிவு மேசைமேல் போட்ட பழி

நான் எழுதிய மென்பொருளில் இருந்த பிழைக்கு, அதைப் பயன்படுத்திய ஒரு பெண்ணைக் காரணமாகக் காட்டினேன். பிழை என்னுடையதுதான் என்று தெரிந்த பிறகும் வாயைத் திறக்கவில்லை.

ஒரு மருத்துவமனையில் புறநோயாளிகளைப் பதிவு செய்யும் மென்பொருள் அது. பழைய எழுத்துருவில் இருந்த பெயர்களை யூனிகோடுக்கு மாற்றி ஏற்றியிருந்தோம். ‘கோமதி’யில் வரும் ஓகாரத்தை யூனிகோடில் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், இரட்டைக் கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு அவை வேறு வேறு. ஏற்றிய பெயர்களில் இரண்டு குறிகள், பதிவு மேசையில் தட்டச்சு செய்தால் ஒரே குறி. தேடினால் எப்படிக் கிடைக்கும்?

“பேரு இருக்கு சார், தேடினா வரமாட்டேங்குது” என்று பதிவு மேசையில் இருந்தவர் பலமுறை சொன்னார். “ஸ்பெல்லிங்கைச் சரியாப் போடுங்கம்மா” என்றேன். அவருடைய மேலாளருக்கும் தட்டச்சுத் தவறு என்றே எழுதினேன். ஒருமுறைகூட அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கவில்லை. நான் சோதித்த பெயர்களெல்லாம் நானே அடித்தவை. அவை தவறாமல் கிடைத்தன.

காரணம் பிடிபட்டதும் குறிகளை ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் வரியைச் சேர்த்தேன். யூனிகோடு தரத்தின் 15ஆம் இணைப்பு இந்த இயல்பாக்கத்தை விளக்குகிறது. பைத்தானில் அதற்கு ஆயத்தமாகவே வசதி உண்டு. ஆனால் ‘கௌரி’யை ஒற்றைக் கொம்பும் ளகரமுமாக ‘கெளரி’ என்று அடித்திருந்தால் அது உதவாது. தனி விதி வேண்டும். அதையும் எழுதினேன். பிறகு ‘தேடல் மேம்படுத்தப்பட்டது’ என்று மருத்துவமனைக்குக் குறிப்பு அனுப்பினேன். பிழை திருத்தப்பட்டது என்று எழுத மனம் வரவில்லை.

பெயர் கிடைக்காதபோதெல்லாம் மேசையில் இருந்தவர் புதிய பதிவு போட்டிருந்தார். வேறு என்ன செய்வார்? ஒரே நோயாளிக்கு இரண்டு பதிவுகள்: பென்சிலின் ஒவ்வாமை ஒன்றில், மருந்துச் சீட்டு இன்னொன்றில். அவற்றை இணைக்கச் சொன்னால் காரணத்தையும் சொல்ல வேண்டிவரும். அதனால் சொல்லவில்லை.

பின்னர் அதே பதிவுகளைச் சுருக்கித் தரும் செயற்கை நுண்ணறிவு வசதியைக் கட்டத் தொடங்கினேன். சோதனையில் அது ஒருவருக்கு ‘ஒவ்வாமை ஏதும் இல்லை’ என்று நல்ல தமிழில் எழுதித் தந்தது. அதற்குக் கிடைத்த பாதிப் பதிவில் ஒவ்வாமை இல்லைதான். தேடல் தோற்றபோது திரை வெறுமையாக நின்றது. மேசையில் இருந்தவருக்குச் சந்தேகமாவது வந்தது. இந்தச் சுருக்கத்தைப் படிக்கும் மருத்துவருக்கு எதைக் கொண்டு சந்தேகம் வரும்? எனக்குக் கை நடுங்கியது.

அந்த வசதியை நிறுத்திவைத்திருக்கிறேன். பெயரும் வயதும் ஒன்றாக உள்ள வெவ்வேறு ஆட்கள் இருப்பார்கள் என்பதால் இரட்டைப் பதிவுகளை நிரலே இணைத்துவிடக் கூடாது; ஒவ்வொரு சோடியையும் ஒருவர் பார்த்து உறுதி செய்ய வேண்டும். அதற்கான திரையைத்தான் முதலில் கட்டுகிறேன். மேலாளருக்கு நடந்ததை முழுதாக எழுதி, தட்டச்சில் எந்தத் தவறும் இருக்கவில்லை என்று அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லியே குறிப்பிட்டேன். அந்தப் பெண்ணிடம் இன்னும் பேசவில்லை.