தாராவியிலிருந்து தாதர் வரை: மரத்துப்போகும் பாதங்களோடு ஒரு பயணம்



மும்பை நடப்பவர்களின் நகரம். நிற்பவர்களின் நகரமும் அதுவே. தாராவியின் தொண்ணூறடிச் சாலையில் குடியிருக்கும் நம்மவர் ஒருவர் வேலைக்குச் செல்ல வேண்டுமானால், சயான், மாட்டுங்கா, மாஹிம் ஆகிய மூன்று நிலையங்களில் ஒன்றுக்கு முதலில் நடந்தாக வேண்டும். பின்பு நடைமேடையில் நிற்க வேண்டும். லோக்கல் ரயிலில் நெரிசலுக்குள் நிற்க வேண்டும். இறங்கியபின் மறுபடியும் நடக்க வேண்டும். இளமையில் இவற்றை நாம் கணக்கிடுவதில்லை. ஐம்பதைக் கடந்த சிலருக்கோ, இந்நகரம் திடீரென்று நீண்டுவிடுகிறது.

அவர்கள் சொல்லும் அடையாளத்தைக் கவனியுங்கள். புறப்படும்போது ஒன்றுமில்லை. ஐந்து அல்லது பத்து நிமிடம் நடந்தவுடன் இடுப்பிலிருந்து தொடை வழியாகக் கனம் இறங்குகிறது. பாதங்களில் மதமதப்பும், ஊசி குத்துவதுபோன்ற உணர்வும், எரிச்சலும் தோன்றுகின்றன. நின்றால் தீராது. ஒரு கடைத்திண்ணையில் அமர்ந்து சற்றே முன்னால் குனிந்தால், சில நிமிடங்களில் வலி விலகிவிடும். எழுந்து நடந்தால் அதே தூரத்தில் மீண்டும் வரும்.

இதுவே இடுப்புத் தண்டுவடச் சுருக்கம். மருத்துவர்கள் ஸ்பைனல் ஸ்டெனோசிஸ் என்பர். முதுகெலும்புக்குள் நரம்புகள் செல்லும் கால்வாய் ஒன்றுண்டு. வயது ஏறும்போது எலும்புகளுக்கிடையிலுள்ள வட்டு பிதுங்குகிறது, மூட்டுகள் பருக்கின்றன, உள்ளேயுள்ள தசைநார் தடிக்கிறது. பாதை குறுகி நரம்புகள் நெருக்கப்படுகின்றன. நிமிர்ந்து நிற்கையில் கால்வாய் மேலும் குறுகும். குனிகையில் சற்று அகலும். நோய் முதுகில் இருக்க, வலி பாதத்தில் பேசுகிறது. நெதர்லாந்தின் நரம்பு அறுவை மருத்துவர் வெர்பீஸ்ட் 1949-லும் 1954-லும் எழுதிய கட்டுரைகளுக்குப் பின்னரே இது தனி நோயாகப் பரவலாக அறியப்பட்டது.

தாதர் நிலையத்தின் மேம்பாலத்திற்கு வாருங்கள். மேற்கு ரயில்பாதையும் மத்திய ரயில்பாதையும் கைகோக்கும் இடம் அது. 2023 டிசம்பரில் நடைமேடைகளின் எண்களை மாற்றி, ஒன்று முதல் பதினான்கு வரை வரிசையாக்கினார்கள். ஒரு பாதையிலிருந்து இறங்கி மறு பாதைக்கு மாறுகிறவர் மேம்பாலத்தில் ஏறி, கூட்டத்தோடு நகர்ந்து, மறுபுறம் இறங்க வேண்டும். ஏறுவதே கடினம் என்று நாம் எண்ணுவோம். இந்நோயாளிகளில் பலருக்கோ இறங்குவதே அதிக வேதனை. ஏறும்போது உடல் முன்னே சாய்கிறது, இறங்கும்போது இடுப்பு பின்னே வளைகிறது. மேலேற எஸ்கலேட்டரை நம்பினாலும், இறங்க லிஃப்ட் எந்த முனையில் உள்ளதென்று முன்னரே அறிந்துவைப்பது நலம்.

விரைவாக நகர இயலாதவர் நெரிசல் நேரத்தைத் தவிர்ப்பது வசதிக்காக மட்டுமன்று, பாதுகாப்புக்காகவும்தான். 2017 செப்டம்பர் 29 அன்று, மழைக்கு ஒதுங்கிய கூட்டம் எல்ஃபின்ஸ்டன் ரோடு நிலையத்தின் குறுகிய நடைமேம்பாலத்தில் நெருக்குண்டு, இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2018-இல் பிரபாதேவி என்று பெயர் மாறிய அந்நிலையத்தில், அதே ஆண்டில் இராணுவத்தினர் புதிய பாலம் அமைத்துக் கொடுத்தனர்.

தாதர் மேற்கில் சற்றுத் தொலைவில் சிவாஜி பார்க் உள்ளது. மைதானத்தைச் சுற்றி ஓடும் தாழ்ந்த சுவரை மும்பைவாசிகள் 'கட்டா' என்பர். கிரிக்கெட் பார்ப்போரும் வயோதிபரும் அதில் அமர்ந்திருப்பர். இந்நோயாளிக்கு அதைவிட நல்ல நடைபாதை அரிது. வலி தொடங்குமுன் அமரலாம், மறுபடி நடக்கலாம். மெரைன் டிரைவின் கடற்கரைச் சுவரும் அப்படியே. ஏறத்தாழ 3.6 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையை ஒரே மூச்சில் நடக்க வேண்டியதில்லை. நடை, அமர்வு, நடை என்று பகுத்துக்கொள்ளுங்கள். படுக்கையில் முடங்கினால் தசைகள் தளர்ந்து நோய் வெல்லும். பேரங்காடியின் தள்ளுவண்டிமேல் சாய்ந்து நடக்கையில் வலி குறைகிறதா? அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். நோயறிய உதவும் தடயம் அது.

பாதம் எரிந்தால் உடனே சர்க்கரைதான் என்று முடிவுகட்டுவதும், முதுகுதான் என்று முடிவுகட்டுவதும் தவறு. சர்க்கரையால் வரும் நரம்புப் பாதிப்பு பெரும்பாலும் இரு பாதங்களிலும் காலுறை அணிந்ததுபோல் பரவும், இரவில் கூடும், உட்கார்ந்தாலும் குறையாது. வைட்டமின் பி12 குறைவும் இவ்வாறு செய்யும். மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுங்காலம் உண்போர் இதைச் சோதித்துக்கொள்ள வேண்டும். கால் இரத்தக்குழாய் அடைப்பாலும் நடக்கும்போது வலி வரும்; ஆனால் அசையாது நின்றாலே அது தணியும். ஒருவரிடத்திலேயே இரண்டு நோய்கள் இருப்பதும் உண்டு. எம்.ஆர்.ஐ. படத்தில் சுருக்கம் தெரிவதாலேயே அஞ்சவும் வேண்டாம். வலியே இல்லாத முதியோர் பலருக்கும் அது தெரியும்.

மழைக்காலத்தைத் தனியே சொல்ல வேண்டும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்ததை மும்பைத் தமிழர் மறக்கமாட்டார்கள். அதைவிடச் சிறிய மழையிலும் தெருக்களில் நீர் தேங்குகிறது. உணர்ச்சி குறைந்த பாதம் கண்ணாடிச் சில்லை அறியாது. அந்தக் காயத்தின் வழியே லெப்டோஸ்பைரோசிஸ் கிருமி நுழையக்கூடும். தேங்கிய நீரில் வெறுங்காலோடு இறங்காதீர்கள். வீடு சேர்ந்ததும் பாதங்களைக் கழுவி, விரலிடுக்குகளைத் துடைத்து, அடிப்பாதத்தைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். காயத்தோடு நீரில் நடந்திருந்தால், காய்ச்சலுக்குக் காத்திராமல் மருத்துவரைக் காணுங்கள். எரிச்சலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துப் பாதத்தைச் சுட்டுக்கொள்ளாதீர்கள்.

சிகிச்சைக்கு வழியுண்டு. தாராவிக்கு அருகிலேயே சயான் மாநகராட்சி மருத்துவமனையும், பரேலில் 1926-இல் தொடங்கிய கே.இ.எம். மருத்துவமனையும் உள்ளன. முன்குனிதல் சார்ந்த உடற்பயிற்சிகளைப் பிசியோதெரபிஸ்ட் கற்றுத்தருவார். நரம்பு வலிக்குக் கொடுக்கும் பிரீகாபலின், காபாபென்டின் முதலியவை தலைசுற்றலும் தூக்கமும் தரலாம். ஓடும் ரயிலில் ஏறுகிறவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும். அவற்றைத் தாமாகவே திடீரென்று நிறுத்தலாகாது. நடை மிகச் சுருங்கியவர்களுக்கு அறுவைச் சிகிச்சை கால் வலியைக் குறைக்கக்கூடும். பழைய மரப்பு முழுவதும் நீங்குமென்று எதிர்பார்க்க இயலாது.

ஒன்றை மட்டும் தாமதிக்காதீர்கள். சிறுநீர் அடைத்துக்கொள்வது, அறியாமல் மலமோ சிறுநீரோ வெளியேறுவது, மர்ம உறுப்பைச் சுற்றி மரத்துப்போவது, கால் திடீரென்று வலுவிழப்பது ஆகியவற்றில் எது தோன்றினாலும் அந்த மணிநேரமே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

நம் சபைகளுக்கும் ஒரு வார்த்தை. ஆராதனையில் நெடுநேரம் நிற்கிறோம், ஜெபத்தில் முழங்காற்படியிடுகிறோம். இடையில் உட்கார்ந்துவிடும் மூத்த சகோதரியைப் பார்த்து, ஆவியில் சோர்ந்துவிட்டார் என்று எண்ணாதிருங்கள். உட்கார வெட்கப்பட்டே வீட்டோடு நின்றுவிட்டவர்கள் உண்டு. ஆசா ராஜாவின் கால் நோயை எடுத்துக்காட்டி, மருத்துவரை நாடலாகாது என்று சொல்லும் சிலரும் உண்டு. அங்கே கண்டிக்கப்படுவது கர்த்தரைத் தேடாமற்போனதே. பவுலோடிருந்த லூக்கா ஒரு வைத்தியர் அல்லவா? ஜெபிப்போம், மருந்தும் உண்போம்.

அடுத்த ஞாயிறு பின்வரிசையில் கைப்பிடியுள்ள நாற்காலிகள் நான்கைப் போட்டுவையுங்கள். யாருக்கென்று அறிவிக்க வேண்டியதில்லை. தேவையானவர்கள் தாமாகவே வந்து அமர்வார்கள்.