கள்ளக்கடல்

ஊரிலிருந்து யார் வந்தாலும் காட்டுவதற்கு இடப்பள்ளிவாசியான என்னிடம் இருப்பது ரெண்டே ரெண்டுதான். ஒன்று லுலு மால், இன்னொன்று செறாயி கடற்கரை. போன மே மாத லீவில் அக்கா குடும்பத்தோடு வந்திருந்தாள். லுலு முதல் நாளே முடிந்துவிட்டது. "கடலுக்குப் போலாம் மாமா" என்று அக்கா மகன் நச்சரிக்க (பத்தாவது பரிட்சை எழுதிவிட்டு வந்திருந்தான்), ஞாயிறு மத்தியானம் கிளம்பினோம்.

செறாயி இருப்பது வைப்பின் தீவில். சேரானல்லூரில் திரும்பி கண்டெய்னர் ரோட்டில் ஏறினால் வல்லார்பாடம், அப்புறம் கோஸ்ரீ பாலம், தீவு வந்துவிடும். 2004-ல் கோஸ்ரீ பாலங்கள் திறக்கும்வரை, இந்தத் தெற்கு முனைக்காரர்கள் எறணாகுளம் போகப் படகைத்தான் நம்பியிருந்தார்கள். 1341-ல் பெரியாற்றில் வந்த வெள்ளத்தில் முசிறித் துறைமுகம் தூர்ந்துபோய், அதே மணல் இந்தப் பக்கம் சேர்ந்து உண்டான தீவு என்பார்கள். கடல் கொண்டுவந்து வைத்த பூமி, அதனால் வைப்பு. அந்த வருஷத்திலிருந்து 'புதுவைப்பு' என்று ஒரு ஆண்டுக்கணக்கே இங்கே இருந்திருக்கிறது. அத்தான் தமிழ் வாத்தியார். முசிறி என்றதும் அவருக்கு ஒரே குஷி, வழியெல்லாம் சங்க இலக்கிய வகுப்புதான்.

காலையில் பேப்பரில் 'கள்ளக்கடல்' என்று ஒரு தலைப்பு பார்த்திருந்தேன். ஒன்பது வருஷமாகியும் மலையாளம் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறேன். ஏதோ கடத்தல் சமாச்சாரம் போல என்று நினைத்து ஸ்போர்ட்ஸ் பக்கத்துக்குப் போய்விட்டேன்.

செறாயில் நல்ல கூட்டம். சிவப்புக் கொடி, லைஃப்கார்டு விசில். எனக்குக் கூட்டம் ஆகாது. அக்காவையும் தங்கமணியையும் அத்தானோடு கடலைக்காரரிடம் விட்டுவிட்டு, பையனைக் கூட்டிக்கொண்டு கொடியெல்லாம் கண்ணுக்கு மறைகிற தூரம் வடக்கே நடந்தேன். காற்றே இல்லை. வானம் துடைத்துவிட்ட மாதிரி. ரெண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருக்க, நடுவில் பத்தடி அகலத்துக்கு மட்டும் அலையே இல்லாமல், கொஞ்சம் கருத்து, குளம் மாதிரி இருந்தது.

"இதான்டா இறங்க நல்ல இடம்" என்று காட்டியது நான். குறுக்குத்துறையில் தாமிரபரணியில் நீந்திப் பழகியவன் இல்லையா, தண்ணீர் எனக்குத் தெரியாதா!

அவன் இடுப்பளவு போனான். நான் முழங்காலளவு. காலுக்கடியில் மணல் உருவிக்கொண்டு போவது போல இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் பையன் இருபது அடி தள்ளி இருக்கிறான். கத்தவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு கரையை நோக்கி நீந்துகிறான், ஆனால் பின்னால் போகிறான். நான் பாய்ந்தேன். யாரோ சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்கள். வலை உதறிக்கொண்டிருந்த ஒரு பெரியவர்.

"கரையிலேக்கு நீந்தல்லே, சைடிலேக்கு போ!" என்று அவனைப் பார்த்துக் கத்தினார். அவனுக்குப் புரிந்தால்தானே. என் பக்கம் திரும்பி, "தமிழில் பற மோனே!" என்றார்.

"டேய்! கரைக்கு வராத! கை காட்டுற பக்கமா, கரையோரமாவே நீந்து! கை வலிச்சா மல்லாந்து மித!" அவர் சொல்லச்சொல்ல நான் தொண்டை கிழியக் கத்தினேன். அப்படி ஒரு மொழிபெயர்ப்பு வேலை ஆபீஸில்கூடப் பார்த்ததில்லை. அவன் பக்கவாட்டில் திரும்பினான். கொஞ்ச தூரத்தில் அலை உடைகிற இடம் வந்ததும் அந்த அலையே அவனைத் தூக்கிக் கரையில் போட்டது. உப்புத்தண்ணீராக வாந்தி எடுத்தான்.

பெரியவர் மணலில் விரலால் கோடு போட்டுக் காட்டினார். அலை கொண்டுவந்து கொட்டுகிற தண்ணீர் திரும்பிப் போக வழி வேண்டும். மணல் திட்டில் பள்ளம் இருக்கிற இடமாகப் பார்த்து ஆறு மாதிரி வேகமாக உள்ளே ஓடும். ஆழமானதால் அங்கே அலை உடையாது. நமக்கு அமைதியாகத் தெரியும். "இன்னு கள்ளக்கடல் உண்டென்னு பத்ரத்தில் கண்டில்லே?" என்றார். கண்டேன் சேட்டா, கண்டேன்...

வீட்டுக்கு வந்துதான் விவரமாகப் படித்தேன். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில், ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் அடிக்கிற புயல் எழுப்பும் அலை, நாள்கணக்கில் பயணம் செய்து இங்கே வரும். இங்கே காற்றும் மழையும் இருக்காது. திருடன் மாதிரி வருவதால் மீனவர்கள் வைத்த பெயர். 2012-ல் யுனெஸ்கோவே இந்த வார்த்தையை ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் முன்கூட்டியே எச்சரிக்கை கொடுக்கிறது. 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் போனது இந்தக் கள்ளக்கடலில்தான். அப்போது நானும் 'பாவம்' என்று சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குப் போனவன்தான்.

"அம்மாட்ட சொல்லாதீங்க மாமா" என்றான் திரும்பி நடக்கும்போது. சரி என்றேன். ஆனால் கார் ஏறும்போதே அக்கா என் கிழிந்த காலரைப் பார்த்துவிட்டாள். சொல்லிவிட்டேன். வல்லார்பாடம் வரை ஒரு வார்த்தை பேசவில்லை, மகன் கையைப் பிடித்தபடியே இருந்தாள். அப்புறம் மெதுவாக, "ஒன்பது வருஷமா இருக்கியே, மலையாளம் ஒழுங்காப் படிக்கக் கத்துக்கோடா" என்றாள்.