515-ல் வரும் பாசிமணி

கேளம்பாக்கம் என்றதும் ஐ.டி. கம்பெனிக்காரர்களுக்கு டிராஃபிக் ஞாபகம் வரும். ஃபிளாட் வாங்கியவர்களுக்கு இ.எம்.ஐ. ஞாபகம் வரும். எனக்கு இரண்டும் கிடையாது (முதலாவது இல்லாததால் இரண்டாவதும் இல்லை!). எனக்கு ஞாபகம் வருவது உப்பளமும் 515-ம்தான்.

ஜங்ஷனிலிருந்து கோவளம் ரோட்டில் கொஞ்ச தூரம் நடந்து பாருங்கள். வெயிலில் கண்ணாடி மாதிரி பாத்தி பாத்தியாக உப்பளம். அதைத் தாண்டினால் முட்டுக்காடு வரை நீளும் உப்பங்கழி. பனிக்காலத்தில் அங்கே பூநாரைகள் ஒற்றைக்காலில் நிற்கும். ரோட்டில் பைக்கை நிறுத்திவிட்டு செல்ஃபோனும் கையுமாக ஒரு கூட்டம் இரண்டு காலில் நிற்கும்.

515 என்பது தாம்பரத்தில் கிளம்பி, வண்டலூரில் திரும்பி, கேளம்பாக்கத்தில் மூச்சு வாங்கிவிட்டு, திருப்போரூரைத் தொட்டு, மாமல்லபுரம் போகிற பஸ். மாமல்லபுரத்துக்குச் சற்று முன்னால் பூஞ்சேரி. அங்கே நரிக்குறவர் குடியிருப்பு இருக்கிறது. பாசிமணிப் பையோடு பெண்கள் இந்த பஸ்ஸில் ஏறி இறங்குவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பியும் இருப்பீர்கள்.

இந்தப் பக்கமெல்லாம் இப்போது 'இயற்கை நகை'க்கு ஏக மவுசு. சுடுமண் ஜிமிக்கி, விதை மாலை, இலை வடிவத்தில் கம்மல். ஞாயிற்றுக்கிழமை கண்காட்சிகளில் கூட்டம் நெரிகிறது. சில கடைகளில் நகையோடு ஒரு சின்ன அட்டையும் தொங்கும்: 'இதன் விலையில் ஒரு பகுதி இயற்கையைக் காக்கச் செல்கிறது.'

பி.காம். படித்தவனுக்கு 'ஒரு பகுதி' என்று படித்தால் கை துறுதுறுக்கும். எத்தனை சதவீதம் சார்? விற்பனையிலா, லாபத்திலா? கேட்டால் கடைக்காரர் புன்னகை செய்வார். அமெரிக்காவில் 2017-ல் '4ஓஷன்' என்று ஒரு கம்பெனி கிளம்பியது. ஒரு கைச்சங்கிலி வாங்கினால் கடலிலிருந்து ஒரு பவுண்டு குப்பை எடுப்போம் என்றார்கள். அது எடையாவது சொல்லுகிறது. கணக்கு எழுத ஒரு நம்பர் கிடைக்கிறது அல்லவா?

நம் பாட்டிமார்கள் இயற்கைக்கு நன்கொடை கொடுத்ததில்லை. ஆனால் அவர்கள் பெட்டியைத் திறந்தால் ஒரு தோப்பே உள்ளே இருக்கும். மாங்காய் மாலை, முல்லை மொட்டு மாலை, ஜடை நாகம்... தங்கத்தை நிறுத்ததுகூட குன்றிமணி விதையால்தான். மாமரத்திடம் வடிவத்தை மட்டும் கடன் வாங்கினார்கள். மரத்துக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

நஷ்டப்பட்டது புலி. சங்க காலத்திலேயே பிள்ளைகளுக்குப் புலிப்பல் தாலி கட்டியிருக்கிறார்கள். பின்னால் புலிநகத்துக்குத் தங்கப்பூண் போட்டு மைனர்கள் மார்பில் தொங்கவிட்டார்கள். இதற்கெல்லாம் முற்றுப்புள்ளி வைத்தது 1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். 2001-ல் சில சங்கு, சிப்பி வகைகளும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. ஆகவே, கடற்கரையில் யாராவது பெரிய சங்கை நீட்டினால் விலையைக் கேட்பதற்கு முன் கொஞ்சம் யோசியுங்கள்.

இங்கேதான் 515 வருகிறது. நரிக்குறவர் குடும்பத்தில் ஆண்களுக்கு வேட்டை, பெண்களுக்கு ஊசிமணி பாசிமணி என்று இரண்டு வருமானம் இருந்தது. சட்டம் வந்ததும் வேட்டைக் கணக்கு குளோஸ்! (இல்லாத கொம்பை 'நரிக்கொம்பு' என்று சொல்லி விற்ற கிளைக் கணக்கும் கூடவே போயிற்று. நரிக்கு ஏது சார் கொம்பு?) சட்டம் சரிதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் காட்டுயிரைக் காப்பாற்றிய செலவில் ஒரு பங்கு இவர்கள் சமையலறையிலிருந்து போயிருக்கிறது. மிஞ்சிய அடுப்பை எரிய வைத்தது பாசிமணி. நான் பார்த்த எந்தப் பாசிமணி மாலையிலும் அப்படி ஓர் அட்டை தொங்கவில்லை.

இதே சட்டம் இருளர்களையும் தொட்டது. பாம்புத் தோலுக்காகப் பாம்பு பிடித்தவர்கள் அவர்கள். தோல் வியாபாரம் நின்றதும், 1978-ல் அவர்களுக்கு ஒரு கூட்டுறவுச் சங்கம் உருவானது. கோவளத்துக்குத் தெற்கே வடநெம்மேலியில், முதலைப் பண்ணை வளாகத்தில் இருக்கிறது. பாம்பைப் பிடித்து, விஷத்தை எடுத்துவிட்டு, மறுபடி காட்டில் விட்டுவிடுவார்கள். அந்த விஷம் பாம்புக்கடி மருந்தாகிறது. வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்கு 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்ததே, நினைவிருக்கிறதா? விஷத்துக்கு மருந்துக் கம்பெனி என்று நிலையான வாடிக்கை இருக்கிறது. பாசிமணிக்கு வாடிக்கை யார்? பஸ் ஸ்டாப்பில் நிற்கிற நாம்தான்.

நம் லட்சணத்தைப் போன மாதம் ஜங்ஷனில் பார்த்தேன். நடைபாதையில் துணி விரித்து ஒரு பெண் மாலை கட்டிக்கொண்டிருந்தார். கையில் குறடு, மடியில் செப்புக்கம்பி. காரிலிருந்து இறங்கிய ஓர் அம்மாள், பச்சை மணி மாலையை எடுத்துக் கழுத்தில் வைத்துப் பார்த்தார்.

"எவ்வளவும்மா?"

"நூத்தம்பதுக்கா."

"அம்பதுக்குக் குடு."

"கட்டாதுக்கா. மணி வாங்கற காசே எழுபதாவுது."

"எல்லாம் பிளாஸ்டிக்தானே! சரி, அறுபது."

வியாபாரம் படியவில்லை, கார் போய்விட்டது. நான் உட்கார்ந்தேன். சினிமாவில் வருகிற மாதிரி "சாமியோவ்" என்றெல்லாம் அவர் சொல்லவில்லை. "என்னண்ணா வேணும்?" என்றார். கணக்குக் கேட்டேன். மணி, கம்பி, கொக்கி எல்லாம் பாரிமுனை மொத்தக் கடையில் வாங்குவது. மாலைக்கு எழுபது ரூபாய் ஆகிறது. கட்ட ஒரு மணி நேரம். சொன்ன விலைக்கே விற்றால் கையில் நிற்பது எண்பது. நல்ல நாளில் ஐந்து போகும். மழை நாளில் சைபர். பேரம் பேசி நூறுக்கு வாங்கினால் ஒரு மணி நேரக் கூலி முப்பது ரூபாய்!

"கருங்காலி கேக்கறாங்கண்ணா இப்பல்லாம். டைரக்டர் போட்டுக்கிட்டாராம், ஹீரோ போட்டுக்கிட்டாராம்" என்று சிரித்தார். கறுப்புச் சாயம் போட்ட எந்த மரமும் கருங்காலிதான் என்பது வேறு விஷயம். நிஜக் கருங்காலியாக இருந்தால் எந்தக் காட்டு மரத்துக்கு வினை வந்ததோ! அந்த விதத்தில் கண்ணாடி மணியே மேல். கண்ணாடி மணிக்குச் சரித்திரமும் உண்டு. புதுச்சேரி பக்கத்து அரிக்கமேட்டில், 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டிய இடத்தில், இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே கண்ணாடியைக் குழாயாக இழுத்து, துண்டு போட்டு, மணி செய்திருக்கிறார்கள். அந்த வகை மணிகள் கடல் கடந்து தென்கிழக்கு ஆசியா வரை போயின. அங்கே யாரும் அறுபதுக்குக் கேட்டிருக்க மாட்டார்கள் என்று நம்புவோம்.

சர்க்கார் பக்கத்துக் கணக்கு இது: நரிக்குறவரைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கலாம் என்று லோகூர் கமிட்டி சிபாரிசு செய்தது 1965-ல். நாடாளுமன்றம் மசோதாவை நிறைவேற்றியது 2022 டிசம்பரில். ஐம்பத்தேழு வருஷம்! ஃபைல் 515-ல் ஏறி, எல்லா ஸ்டாப்பிலும் நின்று வந்திருக்கும்போல. நடுவில், 2021 தீபாவளியன்று முதல்வர் ஸ்டாலின் பூஞ்சேரிக்கே வந்து பட்டா கொடுத்தார். பட்டா, சாதிச் சான்றிதழ் எல்லாம் வேண்டியதுதான். ஆனால் மாலையின் விலையை எந்த அரசாணையும் நிர்ணயிக்க முடியாது.

கைவினைக்கு மரியாதையான விலை எப்படி இருக்கும் என்று பார்க்க முட்டுக்காடு தட்சிணசித்ரா வரை போகலாம். 1996 டிசம்பரில் திறந்தது. கட்டட அமைப்பு லாரி பேக்கர். தென்னிந்தியப் பழைய வீடுகளுக்கு நடுவே கைவினைப் பொருட்களும் விற்பனைக்கு இருக்கும். (செவ்வாய் விடுமுறை, போய் நின்றுவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.) அங்கே சீட்டில் எழுதியிருக்கிற விலையைக் கொடுத்துவிட்டு வருகிறோம். அதே ஆட்கள்தான் ஜங்ஷனில் இறங்கியதும் அறுபது என்கிறோம்.

பச்சை மாலையை நான் வாங்கினேன், நூற்றைம்பதுக்கு. வீட்டில் "நூறுக்கே குடுத்திருப்பாங்களே" என்று வரவேற்பு கிடைத்தது தனிக்கதை.

கிளம்பும்போது இந்த அட்டை சமாச்சாரத்தை அவரிடம் சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

"நீங்க எழுதறவராண்ணா? அப்ப எனக்கும் ஒரு அட்டை எழுதிக் குடுங்க."

பேனாவை எடுத்தேன். நரி, புலி, காடு, 1972 என்று மனதுக்குள் ஒரு வாசகம் ஓடியது.

"என்னம்மா எழுதணும்?"

"நூத்தம்பது. கொறைக்க மாட்டோம்னு பெருசா எழுதுங்கண்ணா. அது போதும்."